பிலிப்பின் பாரம்

ஐம்பத்திரண்டு வயதில் இன்னாசித்தம்பி ஜிம்முக்குப் போகத் தொடங்கியபோது ஊர்காவற்றுறை சிரித்தது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? இறங்குதுறையடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள், மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பெண் பார்ப்பது என்று கேட்டார்கள். காலம்போன காலத்தில் மனுசனுக்கு வந்த கொழுப்பைப் பார் என்று கோயில் வாசலில் ஒருத்தி சொன்னாள். அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருக்கும் முகம் கொடுக்காமல் சைக்கிளை மிதித்தார். மறித்துக் கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு பதில் வைத்திருந்தார். மறுபடியும் தொழிலுக்குப் போகக் கை பலப்பட வேண்டும் என்பார்.

அது பொய். படகை அவர் எப்போதோ விற்றுவிட்டார். கடல் இருக்கிற பக்கம் கதிரையைப் போட்டு உட்காருவதுகூட இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குக் கடலில் மச்சான் பிலிப்பின் கையை அவராக விட்டாரா, அல்லது கை ஏலாமல் தானாகத் திறந்ததா?

பிலிப்பு அவருடைய மனைவி ஞானசவுந்தரியின் ஒரே தம்பி. முந்தின வருட மாரியில், வாடைக் காற்று கிளம்பிய விடியற்காலையில், இருவரும் போன படகு கவிழ்ந்தது. இன்னாசித்தம்பி எப்படியோ படகின் முதுகில் ஏறிக் கிடந்தார். பிலிப்பின் காலில் வலை சுற்றியிருந்தது. அவனால் ஏற முடியவில்லை. இடது கையால் படகையும் வலது கையால் அவனுடைய மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். "அத்தான், விட்டிடாதேங்கோ" என்று பிலிப்பு சொல்லிக்கொண்டேயிருந்தான். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டான். இவனோடு நானும் போகப்போகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது அவருக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அடுத்தது, கை வெறுமையாக இருந்தது ஞாபகமிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இல்லை. எத்தனை தரம் துழாவினாலும் அந்த இடத்தில் தண்ணீர்தான்.

பிலிப்பு பிணமாகச் சாட்டிக் கடற்கரையில் ஒதுங்கினான். அங்கே எல்லோர் முன்னிலையிலும் ஞானசவுந்தரி கேட்டாள்.

"கையை விட்டனீங்களோ?"

"ஓம்" என்றார் இன்னாசித்தம்பி.

வேறென்ன சொல்வார்? சின்ன வயதிலிருந்து வலை இழுத்தவர். எவன் கையிலிருந்து கயிறு போகிறதோ, அவன் பிழைகாரன். கயிறு ஈரம், கை விறைத்தது, அலை அடித்தது என்று எவனும் காரணம் சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த நாள் அவனைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்த இடத்திலும் வாயில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பெண்சாதியிடம் பேசும்போது கடல் நியாயம் எதற்கு, மடைமனுசா என்று அப்போது அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. பிரேதக்குழியடியிலும் அழவில்லை. நேரத்துக்குச் சோறு இருந்தது, தோய்த்த சேர்ட் கொடியில் இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. ஏசியிருந்தால்கூட மனுசன் தாங்கியிருப்பார். பேசாத வீட்டில் இருப்பது எவ்வளவு கொடுமை என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜிம்மை நடத்தியவன் றஜீபன். சுவிஸில் இருக்கும் தமையன் அனுப்பிவைத்த மெசின்களைப் பழைய சீமெந்துக் கடையொன்றில் அடுக்கியிருந்தான். வந்த முதல் நாளே சேர்ட்டைக் கழற்றச் சொல்லி வலது தோளைப் பார்த்தான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் விழுந்த ஷெல்லின் துண்டுகள் இரண்டு இன்னும் உள்ளேதான் கிடந்தன. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும் மெசின்கள் எதையும் தொடக்கூடாது என்றான் றஜீபன். உட்கார்ந்திருந்து இழுக்கிற மெசின் மட்டும் செய்யலாம். அதிலும் முழங்கை எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும்.

"பாரத்தோட கையை முழுக்க நீட்ட விட்டீங்களெண்டா நரம்பு இழுபடும், அண்ணை. அதை மட்டும் செய்யாதேங்கோ."

கால்களை உதைத்து உட்கார்ந்து, கம்பியைத் தன் பக்கம் இழுக்கும் அந்த மெசினைக் கண்டதும் இன்னாசித்தம்பிக்கு வலைதான் ஞாபகம் வந்தது. இழுப்பது அவருக்குச் சோறு தின்பது மாதிரி. ஆனால் இழுத்ததைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். இழுத்த கயிற்றை யாராவது கடலுக்குத் திருப்பிக் கொடுப்பார்களா? பாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் சிவக்க அப்படியே இருந்தார். மெல்ல மெல்ல விட்டால்தான் தசை வைக்கும் என்று அவருக்குப் புரியவைக்க றஜீபன் பட்ட பாட்டைப் பார்த்து, அங்கே வந்த பெடியள் சிரித்து விழுந்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வெளியே அவர் சிரித்து நெடுநாளாகியிருந்தது. வீட்டுக்குள்ளே கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு பாரம் வரைக்கும் போக விருப்பம் என்று றஜீபன் கேட்டபோது, அறுபத்தெட்டுக் கிலோ என்று யோசிக்காமல் சொன்னார். அது பிலிப்பின் நிறை. துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசின் கொளுக்கியில் ஒருநாள் இரண்டு கையாலும் தொங்கி, காலை மடக்கிக்கொண்டு, "அறுபத்தெட்டு! நல்ல சுறா ஒண்டு, விலையைச் சொல்லுங்கோ அத்தான்" என்று கூவியவன் அவன். தண்ணீரில் மனிதன் பாரம் குறைவு, ஆனால் அலை கூட்டி இழுக்கும். இரண்டுக்கும் சரி என்று இன்னாசித்தம்பி தனக்குள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. தோளில் தசை ஏறியது. வற்றிப்போன வலது மேற்கை இடது கைக்குச் சமமாகத் திரண்டது. ஊர் சிரிப்பை விட்டுவிட்டு, மனுசன் இளந்தாரியாகிவிட்டான் என்று சொல்லத் தொடங்கியது. ஒருநாள் றஜீபன் தட்டுகளுக்கிடையில் ஊசியை அறுபத்தெட்டில் செருகினான். இன்னாசித்தம்பி இழுத்தார். வந்தது. இன்னுமொரு தரமும் வந்தது. பெடியள் கைதட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்படி இழுக்கக்கூடிய கை அன்றைக்கு எங்கே போயிருந்தது? அப்படியென்றால் விட்டது நான்தான் என்று அவர் தீர்மானித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆனால் படுக்கையில் புரண்டபோது ஒன்று தட்டுப்பட்டது. பிலிப்பைப் பிடித்திருந்தபோது அவருடைய முழங்கை மடங்கியிருக்கவில்லை. படகின் முதுகிலிருந்து கை முழுக்க நீண்டு, கீழே தொங்கியிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஜிம்மில் வேறு யாரும் இல்லை. றஜீபன் போன் கதைக்க வெளியே போயிருந்தான். இன்னாசித்தம்பி இரண்டு கையாலும் கம்பியை இழுத்து, பாரத்தை வலது கைக்கு மட்டும் மாற்றி, முழங்கையை மடக்காமல் நீட்ட விட்டார். தோளுக்குள் மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது. பிடித்துக்கொண்டிருந்தார். சாகும்வரை விடுவதில்லை என்று மனதார நினைத்துக்கொண்டே பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் போனது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ வேறொருவருடைய கை மாதிரி, அது திறந்தது. தட்டுகள் விழுந்த சத்தத்தில் றஜீபன் ஓடிவந்தான்.

"சொன்னனான் எல்லோ, அண்ணை, நீட்ட வேண்டாமெண்டு."

"நான் விடேல்லைத் தம்பி" என்றார் இன்னாசித்தம்பி. றஜீபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒற்றைக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஞானசவுந்தரி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சவுந்தரி, அண்டைக்கு நான் ஓம் எண்டது பிழை. நான் விடேல்லை. கை விறைச்சுப்போய்த் தானாத் திறந்தது. இண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா, பொய்யெண்டாலும் நம்பியிருப்பன்" என்றாள்.

அவர் உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். வலது கை தொடையில் மல்லாந்து கிடந்தது. சற்று நேரத்தில் குசினிச் சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். அவள் அவரைத் தொட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அங்கால பாருங்கோ" என்றாள்.

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலியில் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு ஆடு ஒன்று கத்தியது. அவர் காத்திருந்தார்.

"தெரியுதோ?"

"நீர் இன்னும் தொடேல்லையே, சவுந்தரி."

பிறகு, பிரேதக்குழியடியில் வராத அழுகை, தம்பி, என்ர தம்பி என்று வீடு முழுக்கக் கேட்கும்படி வெடித்து வந்தது. அவர் பதறித் திரும்பிப் பார்த்தார். அவளுடைய பெருவிரல் நகம் அவருடைய விரல் நுனியில் ஆழமாக இறங்கியிருந்தது. இரத்தம் அவளுடைய மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.