அம்மா போஸ்ட் மாஸ்டர், ஸ்டாம்பு வேண்டாம்

பிஸ்கட் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதியிருக்கிறீர்களா நீங்கள்? நான் எழுதியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, இரண்டே வாரத்தில், ஏழு கம்பெனிகளுக்கு ஏழு கடிதங்கள். ஒன்றுக்கும் ஸ்டாம்பு ஒட்டவில்லை.

இலுப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தபால் ஆபீஸ் என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். அம்மாதான் போஸ்ட் மாஸ்டர். சீல் மையின் வாடை சோற்றுத் தட்டு வரைக்கும் வரும், அம்மா "டொக் டொக்" என்று குத்துகிற சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மளிகைக்கடைக்காரர் மகள் ஸ்டெல்லா அவள் அப்பா கடையில் மிட்டாய்க்குக் காசு கொடுப்பதில்லை. அப்படியிருக்க போஸ்ட் மாஸ்டர் மகள் எதற்கு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும்? இன்றைக்கும் இந்த வாதத்தில் பெரிய ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாக்கெட்டுக்குப் பின்னால் பொடி எழுத்தில் கம்பெனி முகவரி இருக்குமே, அதைப் பார்த்து எழுதுவேன். கிரீம் பிஸ்கட்டைப் பிரித்தால் கிரீம் முழுவதும் ஒரு பக்கமே ஒட்டிக்கொள்வதால் எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை என்று ஒன்று, பென்சில் சீவச் சீவ உடைகிறது என்று ஒன்று. கவரில் ஸ்டாம்பு ஒட்டும் மூலையில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, "அம்மா போஸ்ட் மாஸ்டர், ஸ்டாம்பு வேண்டாம்" என்று எழுதி, அம்மா குளிக்கப் போன நேரத்தில் சீலையும் நானே குத்தி, மற்ற தபால்களுக்கு நடுவே செருகிவிடுவேன். முதல் வாரம் ஷாம்பு கம்பெனிக்கு ஒன்று. அடுத்த வாரம் மீதி ஆறும் போனது.

அந்த ஆறும் போன மறுநாளே முதல் கடிதம் திரும்பி வந்தது. இலுப்பூரிலிருந்து தபால் பை கொண்டுவரும் அந்தோணிசாமி அண்ணன் அதை அம்மா கண்ணில் படாமல் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, இது பேரிங் லெட்டரு. ஸ்டாம்பு ஒட்டலன்னா வாங்குறவுக ரெட்டிப்பாக் கட்டணும். அவுக மாட்டேன்னு திருப்பிட்டாக."

"கஞ்சப்பயலுக."

"நீ ஸ்டாம்பு ஒட்டாம அவுகள கஞ்சப்பயலுகங்குற. அதவிடு, ஸ்டாம்பு இல்லாத கவருல ஒங்கம்மா சீலு இருக்கே. காச வாங்கி ஒங்கம்மா முடிஞ்சுக்கிட்டதாத்தான மேல நெனைப்பாக? வேலைக்கே வேட்டு வச்சுருக்க. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அம்மா வேலை போய்விடும், திறக்காவிட்டாலும் போய்விடும் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். அப்பா வெளிநாடு போவதற்கு வாங்கிய கடன் அம்மா சம்பளத்தில்தான் அடைந்துகொண்டிருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நான்காம் நாள் காலையில் தபால் இன்ஸ்பெக்டர் வந்தார். மேசைமேல் என் ஆறு கவர்களையும் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். இலுப்பூர் ஆபீஸிலேயே பார்த்து நிறுத்திவிட்டார்களாம்.

"ஸ்டாம்பு ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் ஒங்க ஆபீஸ் சீலு. என்னங்கம்மா இது?"

அம்மா ஒரு கவரை எடுத்துப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

"நாந்தான் சார் குத்துனேன். அம்மாவுக்குத் தெரியாது சார். அம்மாவ வேலையவிட்டுத் தூக்கிறாதீங்க."

இன்ஸ்பெக்டர் அந்த மூலைக் கட்டத்தை விரலால் தட்டினார். "இத எழுதுனதும் நீதானா?"

தலையாட்டினேன்.

"காசு திங்குற ஆளு எவனாச்சும் இப்புடிக் கட்டம் கட்டி எழுதி, பின்னாடி பேரு, ஆறாங்கிளாஸு, பி செக்ஷன் வரைக்கும் போட்டு அனுப்புவானாங்கம்மா? பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. இருந்தாலும் வந்து கேக்கணும்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நடந்தத ஒன் கையால எழுதிக் குடு. இதுக்கு ஸ்டாம்பு வேணாம், நானே எடுத்துட்டுப் போறேன்."

எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சீலைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னார். வேறு நடவடிக்கை எதுவும் இல்லை. அடி விழும் என்று முதுகைக் காட்டி நின்றேன்.

"இதுக்குத்தான் மூணு நாளா திங்காமக் கெடந்தியா? கழுத, வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்று அம்மா சோற்றைப் போட்டார். மூன்று முறை வாங்கித் தின்றேன். அவ்வளவு ருசியான ரசத்தை அதற்குப் பிறகு அம்மா வைத்ததே இல்லை.

இப்போது எந்தப் பாக்கெட்டைத் திருப்பினாலும் வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறது. போன மாதம் ஒரு நூடுல்ஸ் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். அரை நிமிடத்தில் ஏதோ ஒரு மெஷின் மன்னிப்புக் கேட்டது. திருப்பி அனுப்பக்கூட அங்கே ஆளில்லை.

இதை டைப் பண்ணும்போது காலை மணி பதினொன்று. முன்னறையில் அம்மா சீல் குத்திக்கொண்டிருக்கிறார். சாவி இடுப்பில் இருக்கிறது.