கோட குர்ச்சியில் என் மகள்

எங்கள் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. சித்தூரில் பிள்ளைகள் கபடி பழகும் கிரவுண்ட். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி டீம் பெண்கள் வரிசையாக... தொடைகள் நடுங்குகின்றன. ஒருத்தியின் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் கோச் மேடம், கையில் ஸ்டாப்வாட்ச். கீழே யாரோ எழுதியிருந்தார்கள் — ‘பாவம் பிள்ளைகள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தண்டனையா?’

அந்தக் கண்ணீர்ப் பெண் என் மகள் பிளெஸி.

எங்கள் ஊர்ப் பக்கம் படித்தவர்களுக்கு இது தெரியும். கோட குர்ச்சி — அதாவது சுவர் நாற்காலி. வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் வாத்தியார் கொடுக்கும் தண்டனை.

கோச் மேடம் இதை ஐசோமெட்ரிக் ஹோல்ட் என்கிறார். பிளெஸிக்கு முழங்காலுக்குக் கீழே வலி. ஓடினால் வலி, பாய்ந்தால் கேட்கவே வேண்டாம். ஓய்வெடுத்தால் போய்விடும், ஆட இறங்கினால் திரும்ப வந்துவிடும். திருப்பதியில் செலக்‌ஷன் வேறு நெருங்குகிறது. அதனால் ஓட்டத்தைக் குறைத்து, ஒரே நிலையில் அசையாமல் தாக்குப்பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். மூட்டு குலுங்காது, தசைக்கு மட்டும் வேலை. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்களாம்.

சும்மா உட்கார்ந்தால் பலம் வருமா? நானும் சிரித்தவள்தான். சில வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது அவள் முகம் சுளிப்பது நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வீடியோ என் வீட்டுக்காரர் கைக்கும் போனதே! பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் இருந்தவர், அன்று சாயங்காலமே வண்டியை நேராக கிரவுண்டுக்கு விட்டார். நான் மகளுக்கு அவித்த முட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றிருந்தேன். பிள்ளைகள் அன்றும் சுவரில் சாய்ந்து அதே நிலையில்தான்.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் இவரைக் கோட குர்ச்சி போட வைத்து, தொடை மேல் புத்தகப் பையையும் ஏற்றி, வகுப்பையே சிரிக்க விட்டார். மறுநாளிலிருந்து இவர் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார், அதோடு சரி.

“எழுந்து வா பிளெஸி. கபடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்,” என்றார்.

கோச் மேடம் பதறவில்லை. யார் எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம், தான் ஏனென்று கேட்பதில்லை என்று தெலுங்கில் சொன்னார். இவர் காதில் விழுந்தால்தானே? மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் எழவில்லை. மூச்சு வாங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் —

“உன்ன உக்கார வெச்சாங்க நைனா. நான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

அவர் கையை விட்டுவிட்டார். எனக்கு மார்பு விம்மியது, மறைப்பானேன்?

எனக்கு ஒன்று புரியவில்லை. பெண் பிள்ளை அழுதால், யாரோ அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும். அதற்கு மேல் நமக்கு யோசனை ஓடாதா? முழு பலத்தையும் போட்டால் கண்ணில் தண்ணீர் வராதா? பையன் ஜிம்மில் பல்லைக் கடித்தால் மட்டும் லைக் போடுகிறீர்களே!

அவளாக எழுந்து, காலை உதறி, முட்டை டப்பாவில் கை வைக்கும் வரை இவர் அங்கேயே நின்றார். பிறகு போனை எடுத்தார். குரூப்பில் குட் மார்னிங் கூடப் போடாத மனுஷர், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார் — ‘அது என் பொண்ணு. பாவம் இல்ல.’

செலக்‌ஷனில் அவள் பெயர் வருமா? தெரியாது. வராவிட்டாலும் துக்கம் விசாரிக்க யாரும் வர வேண்டாம். மீறி வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது... சுவர் இருக்கிறது, உட்காரலாம்.