நீலமேகம் முந்தப் பழகிய கதை

நீலமேகம் அண்ணன் யாரையும் முந்தமாட்டார். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஒரு குணத்தால் அவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காக எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. பெட்டி ஏற்றிய டிரெய்லர்கள் என் ஜன்னலில் சீட்டு வாங்கிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய், துறைமுக கேட்டுக்கான வரிசையில் நிற்கும். சில நாள் அரை மணி நேரம், சில நாள் அரை நாள். அந்த வரிசைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் வந்தவன் முன்னால், பின்னால் வந்தவன் பின்னால். குறுக்கே புகுந்தவனுக்கு ஒரு மாதத்துக்கு எந்த டிரைவரும் ஸ்பேனர்கூடக் கொடுக்கமாட்டான். நீலமேகம் அண்ணன் அந்த வரிசையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவர். வியாசர்பாடிக்காரர், வயது நாற்பத்தெட்டு. அவர் வண்டி ஒரு தடவைகூடக் குறுக்கே புகுந்ததில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் யார்டில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"எங்க சார் நடக்கறது? வரிசைல குந்திகினு இருக்கறதுக்கே நாள் பத்தல" என்றார் அண்ணன்.

"அப்ப வரிசையிலயே நடங்க" என்றார் அந்த இளம் டாக்டர். அடுத்து நின்றவருக்கு ஊசி எடுக்கிற அவசரத்தில் அவர் விளையாட்டாகச் சொன்னது அது. அண்ணன் அதைக் கோர்ட் உத்தரவு போல எடுத்துக்கொண்டார்.

அவர் வண்டிக்குப் பின்னால் எப்போதும் ராயபுரம் பிராங்கிளின் வண்டிதான் நிற்கும். இருவரும் இருபது வருடத் தோஸ்துகள். அண்ணன் சாவியைப் பிராங்கிளினிடம் கொடுத்துவிட்டு வரிசையின் தலை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவார். நடுவில் வரிசை நகர்ந்தால் பிராங்கிளின் முதலில் அண்ணன் வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டு, இறங்கி ஓடிவந்து தன் வண்டியை நகர்த்துவார். ஒரு டிரைவருக்கு இரண்டு வண்டி. நாலு மாதத்தில் அண்ணனின் நடை ஓட்டமாகிவிட்டது. மணலி ஆலைகளின் நாற்றக் காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாட்களில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓடுவார். கேபின்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும்.

"இன்னா நைனா, வண்டிய வுட்டுட்டு நீ மட்டும் ஹார்பருக்குள்ள போறியா?"

"பெட்டிய தலைல தூக்கினு போ மாமு, சீக்கிரம் எறக்கிடலாம்!"

கேலி செய்தவர்களே கொஞ்ச நாளில் அவர் கடந்துபோகும்போது தண்ணீர் பாட்டிலை நீட்ட ஆரம்பித்தார்கள். சாலையோரம் கூழ்க்கடை வைத்திருக்கும் ஜெயக்கொடி அக்கா அவருக்கென்று மோர் ஊற்றிய கூழை ஒரு சொம்பில் எடுத்து வைப்பார். ஒன்றரை வருடத்தில் சர்க்கரை நூற்று நாற்பதுக்கு வந்தது. அப்போதுதான் பிராங்கிளின் எங்கேயோ மாரத்தான் விளம்பரத்தைப் பார்த்துத் தொலைத்தார்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டராம் மாமு. நம்ம வரிசைல நாலு தபா போய் வந்தா முட்ஞ்சிச்சி. மலரு, பாரத்த ரொப்பு."

மலரு என்பது நான்தான், மலர்க்கொடி. எனக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டேன், அடுத்த பஸ்ஸில் போவேன். ஆனாலும் போனில் பாரத்தை நிரப்பினேன்.

அந்த முதல் மாரத்தானை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது. ஓடி முடிக்க ஆறு மணி நேரம் கொடுப்பார்கள். அந்தக் கணக்குக்குப் பின்தங்கியவர்களை அள்ளிக்கொள்ள ஒரு வேன் கடைசியில் வரும். அண்ணன் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் அந்த வேனில் ஏறிவிட்டார். கால் வலியா, மூச்சு வாங்கியதா என்றால் ஒன்றுமில்லை. மறுநாள் கூழ்க்கடையில் வைத்துத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எனக்கு முன்னாடி மஞ்ச சட்டை போட்ட சார் ஒருத்தரு ஓடிகினு இருந்தாரு மலரு. கொஞ்சம் கனமான உடம்பு."

"அதுக்கு?"

"அவரு முன்னாடி வந்தவரு. எப்டி முந்தறது?"

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். "ரேஸ்ல முந்தாம வேற இன்னாண்ணா பண்ணுவாங்க?"

அவர் ஓடினால் இவர் ஓடியிருக்கிறார். அவர் நடந்தால் இவரும் நடந்திருக்கிறார். அவர் ஓரமாக நின்று ஷூ கயிற்றைக் கட்டியபோது இவரும் நின்றிருக்கிறார். கடைசியில் இரண்டு பேரையும் வேன் பக்கத்துப் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்திருக்கிறது. "ஏன் சார், காலையிலேருந்து யாரோ என்னைத் துரத்துறாங்கன்னு பயந்துட்டே ஓடினேன், நீங்கதானா அது?" என்று கேட்டாராம் மஞ்சள் சட்டைக்காரர். பிராங்கிளின் சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து விழுந்தார்.

நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே வரிசை முழுக்க அவருக்கு 'வேன்மேகம்' என்று பெயர் விழுந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் தட்டிவிட்டுப் போகிறவர், இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதனை இன்னொருவன் ஓட்டும் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தது அவரைச் சுட்டுவிட்டது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஓடுவதை நிறுத்திவிட்டார். சாவியைப் பிராங்கிளினிடம் கொடுப்பதில்லை, கேபினை விட்டு இறங்குவதும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி ரமாபாய் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், கையில் பருப்பு வாசனை இன்னும் இருந்தது.

"மலரு, அவருக்கு சுகரு திரும்ப எரநூத்தி எண்பதுக்கு ஏறிச்சி. கால் மரத்துப் போதுன்றாரு. நான் சொன்னா கேக்கல. நீங்க மூணு பேரும் தானே ஓட வெச்சீங்க, நீங்களே திரும்ப ஓட வெய்யுங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே நானும் பிராங்கிளினும் ஜெயக்கொடி அக்காவும் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினோம். 

"மாரத்தானே ஓடறேன்" என்றார் கடைசியில். "ஆனா இந்த தபாவும் வேன்ல ஏறுனேன்னா ஷூவ கழட்டி கடல்ல கடாசிடுவேன். அப்பால ஓடுன்னு யாரும் கேக்கக் கூடாது."

இதே மாதிரிதான் ஒரு நாள் பீடிக்கட்டைத் தூக்கிப் போட்டார், அதற்கப்புறம் தொட்டதில்லை. சொன்னால் செய்கிற மனிதர். 

அவருக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தச் சொல்லித்தர வேண்டியிருந்தது. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், விடிந்ததும் காசிமேட்டுக் கடற்கரைச் சாலையில் நாங்கள் மூன்று பேரும் முன்னால் நடப்போம், அவர் பின்னால் ஓடிவந்து எங்களைத் தாண்ட வேண்டும். முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் வந்ததும் அப்படியே நடக்க ஆரம்பித்துவிட்டார். திட்டினேன். இரண்டாவது வாரம், "தாண்டிக்கவா மலரு?" என்று கேட்டார். சரி, கேட்டாவது தாண்டட்டும் என்று விட்டோம். மீன் கூடையோடு போகிற அம்மாக்களிடமும், நடைப்பயிற்சி செய்கிற பெரியவர்களிடமும், ஒரு தடவை ஒரு மாட்டிடமும் கேட்டுவிட்டுத்தான் தாண்டினார்.

போன ஜனவரியில் இரண்டாவது மாரத்தான். ஓட்டம் விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கியது. பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் பிராங்கிளினின் மச்சான் ஆட்டோவில் சந்து சந்தாகப் புகுந்து அவருக்கு முன்னால் போய்ப் போய் நின்றோம். ஜெயக்கொடி அக்கா உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு கேன் நிறையக் கொண்டுவந்திருந்தார். தெரியாதவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்.

இருபதாவது கிலோமீட்டரில் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "நூத்திப் பதினாலு பேர தாண்டிட்டேன். எல்லாரும் போன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார்! அந்த மூச்சையெல்லாம் சேர்த்துவைத்திருந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். முப்பதாவதில் சிரிப்பைக் காணோம். முப்பத்தாறாவதில் இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் சாலைத் திருப்பத்தில் அந்த வெள்ளை வேன் மெதுவாக வந்துகொண்டிருந்தது. 

கடைசிக் கிலோமீட்டர் ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டியிருந்தார்கள். மணி ஒன்பது ஐம்பது. அண்ணனுக்கு முன்னால் ஒரே மாதிரி சட்டை போட்ட ஐந்து ஆபீஸ் பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு, தோளில் தோள் போட்டு, தள்ளாடி நடந்துபோனார்கள். எல்லார் காதிலும் பாட்டு.

"தாண்டிக்கவா தம்பி?" என்றார் அண்ணன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதான், அவர் ஓட்டம் நடையாகிவிட்டது. பழைய புத்தி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர் போல அவர்கள் பின்னாலேயே போனார். வேன் ஐம்பதடியில் வந்துவிட்டது. அதற்கும் அவருக்கும் நடுவில் நொண்டி நொண்டி வந்த ஒரே ஒரு பெரியவர்தான் மிச்சம். கதவோரம் நின்றிருந்த பையன் இறங்கவே தயாராகிவிட்டான்.

"முந்துண்ணா! முந்தித் தொலை!" என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஜெயக்கொடி அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் எங்களைப் பார்த்து, நான் என்ன செய்ய என்பது மாதிரி கையை விரித்தார். அடிக்கலாம் போல வந்தது எனக்கு.

பிராங்கிளினுக்குத்தான் வழி பிடிபட்டது. தடுப்பின் மேல் பாதி ஏறி நின்று, வரிசையில் கத்துகிற அதே குரலில் கத்தினார். "மாமு! முன்னாடி அஞ்சு வண்டியும் பிரேக்டவுனு! சுத்திகினு வா!"

வரிசையில் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அதைத் தாண்டிப் போகலாம். அது முந்துவது ஆகாது. அதுவும் அந்தச் சட்டத்தில் உண்டு. அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஐந்து பேரின் தள்ளாட்டத்தை மேலும் கீழும் பார்த்தார், பழுதுதான் என்று முடிவுக்கு வந்தவர் போலத் தலையாட்டினார். இண்டிகேட்டர் போடுவது போல வலது கையை வெளியே நீட்டி அசைத்தார். தடுப்பை உரசிக்கொண்டு அவர்களைச் சுற்றி முன்னால் வந்தார். வந்தவர் ஓடினார் பாருங்கள், இழுக்கிற காலோடு அப்படி ஓர் ஓட்டம்! நாங்களும் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூடவே ஓடினோம். ஓட்டம் முடிகிற மைதானத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், என் செருப்பு இரண்டும் என் கையில் இருந்தன.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அவர் முடிவுக் கோட்டைத் தாண்டினார். ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள். பிராங்கிளின் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து முடியாமல் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் சொந்தக் காரியம் எதிலும் வந்ததில்லை.

"எனக்குப் பின்னாடி எத்தினி பேரும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் அண்ணன்.

"ஓடிட்டு இருக்கிறவங்க இன்னும் ஆறு பேர் சார். நேரம் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அண்ணன் சடாரென்று எழுந்தார். நொண்டிக்கொண்டே கோட்டுக்குத் திரும்பிப் போய், தெருவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். "வா நைனா! வா வா! வேன் வந்துகினு கீது, ஏறிடாத! ஜல்தி வா!" காதில் என்ன பாட்டு ஓடினாலும் அந்தக் குரல் அந்த ஆபீஸ் பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. திரும்பி வேனைப் பார்த்தார்கள். தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். நாங்களும் அண்ணன் பக்கத்தில் நின்று கத்தினோம். ஒருவன் வந்தான், இரண்டாவது பையன் வந்தான், இன்னும் இரண்டு பேர் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போது அண்ணனின் போன் அடித்தது. ரமாபாய். அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாய்யா, வந்துட்டியா? வேன்லயா, கால்லயா?" அந்தக் குரல் நடுங்கியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கால்லதான் ரமா, நான் எப்பவோ வந்துட்டேன்" என்றார் நீலமேகம் அண்ணன், தெருவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் லைன்ல இரு. இன்னும் ரெண்டு பேரு வர வேண்டி கீது."