பாவத்துக்கு இந்தி

இந்தி பேச நான் கண்டுபிடித்த வழி சுலபமானது. தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்து அதன் வாலை ஒட்ட நறுக்கிவிட வேண்டும். சமாசாரம் சமாசார் ஆகும், துக்கம் துக் ஆகும். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த எனக்கு, காய்கறிக்காரனோடு சண்டை போட இதுவே போதுமானதாக இருந்தது. நறுக்கியும் புரியாவிட்டால் சத்தமாகச் சொல்வேன்.

எங்களுக்கு மாடி வீடு. கீழ்வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அந்த வீட்டு மனிதரை நான் பாயி சாப் என்பேன், அவர் என்னை பெஹன்ஜி என்பார்; அண்ணன் தங்கை முறை. என் கணவர் டூர் போயிருந்த சமயம் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, டாக்டரையே ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தவர். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் மாடிக் குழாய் வெறும் காற்றை விட்டது. காலையில் கொஞ்ச நேரம் வரும் தண்ணீர் கீழ்வீட்டோடு நின்றுவிடும். குழந்தையின் துணி மூலையில் நாறியது. "இப்படியே போனா உன்னையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிடறேன், மழை வந்ததும் வாங்க" என்றார் கணவர். எனக்குப் பகீர் என்றது. முதல்முதலாக என் இஷ்டத்துக்குச் சமைத்து, என் இஷ்டத்துக்குத் தூங்கிய வீடு அது. அதை விட்டுவிட்டு மறுபடியும் மாமியார் முன்னால் போய் நிற்பதா?

நல்லவேளை, பாயி சாப் இருந்தார். தினமும் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார். கனத்த உடம்பு, கதவைத் தட்டுவதற்குள் மூச்சு முட்டும். ஐயோ பாவம் என்று இருக்கும் எனக்கு. அதை அவரிடம் ஒருநாளாவது சொல்ல ஆசை. ஆனால் பாவத்தின் வாலை நறுக்கினால் பாவ் என்று வந்தது. அது காய்கறிக்காரன் சொல்லும் விலை. கணவரைக் கேட்டேன்.

"பாவத்துக்கு இந்தியில என்னங்க?"

"பாப்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல்.

பாப் உள்ளவர் பாபி என்று மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். இலக்கணத்தில் நான் எப்போதும் கெட்டி.

மறுநாள் அவர் வாளிகளை இறக்கியதும் ஒரு டம்ளர் மோரை நீட்டி, மனம் உருகிச் சொன்னேன்: "பாயி சாப், ஆப் பஹுத் படே பாபி ஹைன்!"

டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. புரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி இன்னும் சத்தமாகச் சொன்னேன். மோரை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை மாடிக் குழாய் பீய்ச்சி அடித்தது. அண்டா, வாளி, டிபன் கேரியர் எதையும் விடாமல் நிரப்பிக்கொண்டே, முந்தின நாள் கதையைக் கணவரிடம் சொன்னேன்.

"அடிப்பாவி! அவரை ரொம்பப் பெரிய பாவின்னு திட்டியிருக்கே. பேச்சாரான்னு சொல்லணும்!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்கக் கீழே ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாயி சாப் கைகூப்பிவிட்டார். அவர் பேசிய இந்தி அன்றைக்குப் பார்த்து எனக்கு முழுதாகப் புரிந்தது. மாடிக்கு ஏறும் தண்ணீருக்குப் பின்பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறதாம். அவர் வீட்டு டிரம்மும், தண்ணீர் ஊற்றி ஓட்டும் கூலரும் நிரம்பட்டும் என்று தினமும் விடியற்காலையில் அதை மூடிவிடுவாராம்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க, பெஹன்ஜி? தெரிஞ்சும் சிரிச்சுக்கிட்டே மோர் குடுத்தீங்களே!"

மன்னிப்பு எங்கோ போய்விட்டது. நாறிய துணியும் மாமியார் வீடும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க, வால் நறுக்கிய இந்தியிலும் நறுக்காத தமிழிலுமாகப் பொரிந்து தள்ளினேன். "மூடினது நீங்க! அப்புறம் எதுக்கு நீங்களே வாளியைத் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் முகத்தில் கள்ளத்தைத் தேடினேன். அங்கே அது இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

"மேலே தண்ணியே வரலையே, பெஹன்ஜி" என்றார். "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நீங்க பாவம் என்ன செய்வீங்க?"