‘புற்று இல்லை’ என்று சொன்ன டாக்டரம்மா

“மூக்கு வழியாக் குழாயை விட்டுத் தலைக்குள்ள இருக்குற கட்டிய எடுத்தா, மூளையும் சேந்து வந்துடாதா மாப்ளே? நீங்க சயின்ஸ் வாத்தியாரு, சொல்லுங்க.”

சில ஆண்டுகளுக்கு முன் என் மச்சான் என்னைக் கேட்ட கேள்வி இது. என் மனைவி கமலாவின் அண்ணன். சுரக்குடியில் வயலும், அதைவிடப் பெரிய வாயும் உள்ளவர். சென்ற வாரம் அவரே தொலைபேசியில் அழைத்து, “நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க மாப்ளே” என்றார். ‘நம்ம’ என்று சொல்லும் உரிமை அவருக்கு எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் செல்வநாயகியை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கமலாவுக்கு ஓயாத தலைவலி. தலைவலி என்றால் சைனஸ் என்று எங்கள் கடைத்தெருவே மருத்துவம் பார்த்துவிடும். அதனால்தான் டாக்டரம்மாவிடம் போனோம். அந்த நாட்களில் அவள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள், பக்கத்தில் இருக்கும் சொம்பைத் தட்டிவிடுவாள். மச்சான் அதற்கு ஏழரைச் சனி என்று பெயர் வைத்திருந்தார். அவர் ஊர் திருநள்ளாற்றுக்குப் பக்கம். சனி பகவானின் காரியதரிசி என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர்.

அன்று நர்ஸ் இடப்பக்கமிருந்து நீட்டிய மாத்திரைக் கவரைக் கமலா வாங்கவில்லை. நீட்டியதே அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “சைனஸாம் சைனஸ்! பக்கத்துல ஆள் நிக்கிறதே இவங்களுக்குத் தெரியல. வீட்டுல யாருமே கவனிக்கலையா?” என்றவர், அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

மூளைக்கு அடியில், பார்வை நரம்புகள் சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு சிறு சுரப்பியில் கட்டி இருந்தது. அது நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. புற்று இல்லை. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எங்கள் உறவினர்களுக்கு.

“புத்து இல்லல்ல? அப்பறம் என்ன அவசரம்?” என்றார் மச்சான். “சனிப்பெயர்ச்சி வருது. நளன் குளத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு அப்பறம் வச்சிக்குவோம்.”

நான் ஒரு உதாரணம் சொல்லிப் பார்த்தேன். நெல் மூட்டை காலில் விழுந்தால், நெல் விஷமா என்று யாரும் ஆராய்வதில்லை. முதலில் மூட்டையைத் தூக்குகிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும். மச்சானோ, மூட்டை என்ன விலை போகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார். அண்ணன் சொல்லைத் தட்டியே பழகாத கமலா, காத்திருக்கச் சம்மதித்தாள்.

டாக்டரம்மா நெரவிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். எந்த டாக்டர் வருவார்? கொடுத்த காப்பியைத் தொடாமல் மச்சானைப் பார்த்துப் பேசினார்.

“புத்து இல்லன்னுதான் சொன்னேன். கெடுதல் இல்லன்னு எப்பங்க சொன்னேன்?”

“சாமி குத்தம் ஆயிடும்மா.”

“நானும் எள்ளு தீபம் போடுறவதான். ஆபரேஷன் தேதியை மாத்தச் சொல்லி எங்கிட்ட சாமி ஒண்ணும் சொல்லல. நீங்க பயந்தா நீங்க பயந்துக்குங்க. அதுக்கு ஏன் உங்க தங்கச்சி நரம்பு நசுங்கணும்?”

அவர் போனபின் மச்சான், “பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது” என்றார்.

பெயர்ச்சி வந்தது, முழுக்கும் முடிந்தது. அதற்குள் கமலாவின் இடக்கண்ணில் வெளிப்பக்கம் முழுக்க இருண்டு, வலக்கண்ணிலும் ஓரம் மங்கத் தொடங்கிவிட்டது.

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. நுனியில் விளக்குள்ள மெல்லிய குழல் ஒன்று மூக்குத் துவாரம் வழியாகப் போனது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா உள்ளே வழி செய்து கொடுக்க, மூளை அறுவை மருத்துவர் கட்டியை எடுத்தார். மூளை இருந்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் டாக்டரம்மா கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தும்மல் வந்தா வாயைத் தொறந்து தும்மணும். மூக்கைச் சிந்துனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்றார். அந்த அதட்டலில்தான் கமலா முதல்முறையாகச் சிரித்தாள்.

வலக்கண் பார்வை முழுதாகத் திரும்பியது. இடக்கண்ணின் வெளிப்பக்கம் திரும்பவில்லை. “முன்னாடியே வந்திருந்தா” என்று தொடங்கிய டாக்டரம்மா, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்காமல் விட்டு நான் கேட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

நேற்று இரங்கல் கூட்டம். மச்சான் சால்வையோடு மேடையேறி, “என் தங்கச்சிக்குக் கண் கொடுத்த தெய்வம்” என்று விம்மினார். அந்தத் தெய்வம் கொடுக்க வந்தபோது குறுக்கே நின்றது யார் என்று யாரும் கேட்கவில்லை, கை தட்டினார்கள். இறங்கி வந்தவர் கமலாவின் இடப்பக்கம் உட்கார்ந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கமலா என் காதோடு, “விடுங்க. அந்தப் பக்கம் யாரு உக்காந்தாலும் எனக்குத் தெரியாது” என்றாள்.

டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். ‘சாதாரணக் கட்டிதானே’ என்று யார் சொன்னாலும், முப்பது வருடம் வகுப்பறையில் சேர்த்த பொறுமை எனக்குப் போய்விடுகிறது.

இன்று உங்கள் வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி உங்கள் முகத்தையே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் விரலை அசைத்தபடி பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து, அது எப்போது தெரிகிறது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் கேட்டுப் பாருங்கள்.