இரண்டு தரம் சரிபார்

அமெரிக்காவின் டுலூத் நகரத்து ரத்த வங்கியில் மார்லிஸுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முடியாதம்மா'. இருபத்தாறு வருஷமாக அங்கே டேட்டாபேஸைக் கட்டிக் காத்தவள். சோதனை முடிவு பதிவாகாத ரத்தப் பையை 'அனுப்பலாம்' என்று யார் எழுதினாலும், டேட்டாபேஸே அந்தப் பதிவைத் திருப்பி அனுப்பும்படி விதி போட்டிருந்தாள். சோதிக்காத பை ஒன்று யாருக்காவது ஏறிவிட்டால் உயிருக்கே உலை அல்லவா? ஆனால் ஆப் எழுதும் வெண்டலுக்கு அந்த விதியைக் கண்டாலே எரிச்சல்.

"எங்க ஆப் திரையே சரிபாக்குதே மார்லிஸ். ஒரே வேலைக்கு ரெண்டு காவலா?"

"திரை வழியா வர்றவனைத்தான் அது கேக்கும். கொல்லை வழியா வர்றவனை?"

"நம்ம ஆபீஸ்ல ஏதுங்க கொல்லை!"

வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊர் ரத்த வங்கி இவர்களோடு சேர்ந்தது. அங்கிருந்த நாலாயிரம் பைகளைத் திரையில் ஒவ்வொன்றாக ஏற்ற யாருக்குப் பொறுமை? வெண்டல் பட்டியலை நேரே டேட்டாபேஸில் கொட்டினான். விதி பட்டியல் மொத்தத்தையும் மறித்தது. மறுபடி கொட்டினான். மறுபடியும் மறித்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். பத்தே நிமிஷம் விதியை அணைச்சு வைங்க. அங்க எல்லாமே டெஸ்ட் பண்ணினதுதான். உங்க கால்ல வேணா விழறேன்."

பாவம், மார்லிஸுக்கு மனசு இளகிவிட்டது. விதியை அணைத்தாள். பட்டியல் ஏறியதும் திரும்பப் போட்டாள். அப்படிப் போடும் கட்டளையில் 'சரிபார்' என்பதை இரண்டு தரம் எழுத வேண்டும்: இனி வருவதற்கு ஒன்று, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதற்கு ஒன்று. அவள் ஒரு தரம்தான் எழுதினாள்.

சாயந்திரம் புருஷன் ஹார்லனோடு மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்தாள்.

"கராஜைப் பூட்டினியா?" என்றான் அவன்.

"பூட்டிட்டேன்."

"பூனை உள்ளயா, வெளியவா?"

மார்லிஸின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. "ஐயோ! உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கவே இல்லையே!"

தட்டை அப்படியே விட்டு ஆபீஸுக்கு ஓடினாள். தேடிப் பார்த்தால், சோதனை முடிவே இல்லாத பைகள் பதினொன்று. அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தது. உடனே அங்கே போன் போட்டாள். எடுத்தது நர்ஸ் கோரின்.

"அந்தப் பையா? கையிலதான் வச்சிருக்கேன். ஏத்தத்தான் போறேன்."

"வேண்டாம்! கீழ வைம்மா, கீழ வை!"

போனை வைத்தவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் வெண்டல் தானாகவே எழுந்தான். "அணைக்கச் சொன்னது நான்தான். இனி அந்த விதியைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"அணைச்சது நான்," என்றாள் மார்லிஸ். "அணைக்கிற உரிமை இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் இருக்கு. அதை என்கிட்டேர்ந்து எடுத்துடுங்க."

"எதுக்குங்க? யார் கேட்டாலும் நீங்களே முடியாதுன்னு சொல்லிட்டாப் போச்சு."

"வெள்ளிக்கிழமை சொல்லலையே, வெண்டல்."