பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல்

அரைப்பரீட்சை லீவுக்கு முன்னால், பள்ளிக்கூட வாத்தியாரான என் மகன் ஒரு கூடாரம் வாங்கி வந்தான். குடை மாதிரி விரிக்கலாம், குடை மாதிரி மடக்கலாம். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டியே காரில் போவது, பிடித்த இடத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று அவனும் மருமகளும் பேசி முடித்திருந்தார்கள்.

"ஏலே, வீடு வாசல் இல்லாதவுகளா நாம? மார்கழிப் பனியில தெருவுல படுக்கச் சொல்லுதியே" என்றேன்.

"பனியெல்லாம் நம்ம சங்கரன்கோவில்லதாம்மா. அங்கன வந்து பாரு, நீயே விசிறி கேப்ப."

வருகிறேன், ஆனால் என் தண்ணீரும் என் சாப்பாடும் தனி என்றேன். பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கவிச்சி தொட மாட்டோம். எங்களோடு புழங்காத வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை என்பதை நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தவள். பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறைத்து, தூக்குச்சட்டியில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எட்டு எடுத்துக்கொண்டேன்.

உவரி தாண்டி ஒரு வளைவில் குடம் கவிழ்ந்தது. கார் முழுக்கத் தண்ணீர். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானத்துக்கு முன்னால் கடலோரத்தில் ஒரு மீன்காரக் குடும்பத்து வீட்டை ஒட்டின வெறும் நிலத்தில் வண்டி நின்றது. வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. அந்த வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருப்பாள். கூடாரம் போடலாமா என்று மகன் கேட்டதும், "இதுக்கு என்னத்துக்குக் கேக்கணும்? குளிக்கணும்னா குளிமுறி அந்தப் பக்கம் இருக்கு, திறந்துதான் கிடக்கு" என்றாள். வெயில் சித்திரை மாதிரி அடித்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை அவள் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். செம்பின் வெளிப்பக்கமெல்லாம் குளிர்ந்து முத்து முத்தாக வேர்த்திருந்தது.

நான் கையை நீட்டவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு உறைத்துவிடும் என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய் சொன்னேன்.

"இன்னைக்கு எனக்கு விரதம் தாயி. விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது."

நான் விரதம் இருப்பது திங்கட்கிழமை. அன்றைக்குச் சனிக்கிழமை.

"எங்கள்ல அத ஒருசந்திம்போம் ஆச்சி" என்று அவள் செம்பைச் சட்டென்று பின்னால் வாங்கிக்கொண்டாள், தப்புச் செய்துவிட்டவள் மாதிரி. பிறகு கருவாடு காயப்போட்டிருந்த பாயை, காற்று எங்கள் பக்கம் அடிக்கிறது என்று, தனியாளாக இழுத்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "நோன்பு இருக்கவுகளுக்கு வாடை ஆகாது" என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள்.

அவள் உள்ளே போனதும் மகனிடம் சாடை காட்டினேன். அவன் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து என் மடியில் போட்டுவிட்டு, மருமகளோடு கடலில் கால் நனைக்கப் போனான். காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முழுப் பாட்டிலையும் குடித்தேன். அது எவர் கை பட்ட தண்ணீரோ, அதை நான் யோசிக்கவில்லை. இட்லி எட்டையும் தின்றேன். காருக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. மிளகாய்ப்பொடி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் நட்சத்திரத்துக்குள் லைட் எரிந்ததும் அவள் வந்தாள். ஒரு கையில் விளக்கிப் பளபளவென்று வைத்த அதே செம்பு, இன்னொரு கையில் நாலு வாழைப்பழம்.

"விளக்கு வச்சாச்சு ஆச்சி. நீங்க முதல்ல குடிங்க, அப்புறம் நான் குடிக்கேன்."

"நீ எதுக்குத் தாயி எனக்காகக் காத்துக் கிடக்க?"

"நம்ம வாசல்ல ஒரு பெரிய மனுசி பட்டினியாக் கிடக்கையில நான் எப்படித் திங்க? நானும் இன்னைக்கு ஒருசந்திதான்."

அவள் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் செம்பை வாங்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மருமகள் கூடாரத்துக்குள்ளிருந்து தூக்குச்சட்டியும் கையுமாக வந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

"எத்தே, மத்தியானம் கார்ல இருந்து எட்டு இட்லியையும் நீங்களேவா தின்னீய? எங்களுக்கு ஒண்ணாவது வச்சிருக்கலாம்லா!"

அவள் வேடிக்கைக்குத்தான் கேட்டாள். மீன்காரி தூக்குச்சட்டியைப் பார்த்தாள். என் முந்தானையில் சிவப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு.

"வயசானவுக. பசி தாங்காது" என்று என் மருமகளிடம் சொல்லிவிட்டு, பழத்தைக் காரின் முன்பக்கம் வைத்தாள். செம்பை வைக்கவில்லை. அது அவள் கையோடு போய்விட்டது.

காலையில் கருவாட்டுப் பாய் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று மகன் ஹாரன் அடித்தான். நான் அவள் வாசலுக்குப் போனேன். அவளிடம் போய் நிற்க எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"தாயி, கொஞ்சம் தண்ணி தா."

"பம்பு அங்கன இருக்கு ஆச்சி. அடிச்சுக் குடிங்க."

அடித்தேன். ஒரு கையால் அடித்து ஒரு கையால் ஏந்தினால் பாதி மணலுக்குத்தான் போகிறது. சேலை நனைந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது, ஆனாலும் நல்ல தண்ணீர். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று மடக் மடக்கென்று சத்தமாகக் குடித்தேன். தாகமே இல்லை. மறுபடி அடித்து மறுபடி குடித்தேன்.

அவள் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை.